கழுத்தில்லாத நண்டு

பின்னாளில் புஷ்பராணி குழந்தைகளுக்காகப் பதினெட்டுப் புத்தகம் எழுதினாள். அவளைப் பேச அழைக்கும் பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லாரும், சொல்லி வைத்தாற்போல ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: எழுத்தின் மேல் உங்களுக்கு எப்படி ஆசை வந்தது? ஆசையாவது மண்ணாவது. பேனாவைக் கண்டாலே அவளுக்குக் கைவிரல் மரத்துப்போகும். ஜப்பான்காரன் காலத்தில், கட்டின புருஷனைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல் எழுத உட்கார்ந்தவள் அவள்.

ஆட்டம்தான் அவளுக்குப் பிறவித் தொழில். கும்பகோணத்து நாடகக் கம்பெனி ஒன்றோடு 1940-இல் பினாங்குக்குக் கப்பலேறி வந்தாள். கம்பெனியில் அவளுக்கு ராணி வேஷம் கொடுத்ததே இல்லை. குரங்கு, நரி, ராணிக்கு விசிறி போடும் தோழி, இவ்வளவுதான். ராணியாக நடித்தவள் வசனத்தை மறந்து விழித்தபோதெல்லாம் ஜனங்களைப் பிடித்து உட்கார வைத்தது இந்தக் குரங்குதான். சண்டை மூண்டதும் கம்பெனி முதலாளி கடைசிக் கப்பலில் ஆர்மோனியத்தைப் பத்திரமாக ஏற்றினார். ஆட்களை ஏற்ற மறந்துவிட்டார்.

அதற்குள் அவளுக்குக் குமரப்பனோடு கல்யாணம் ஆகியிருந்தது. பினாங்கு ஸ்திரீட் செட்டியார் வட்டிக்கடைக் கிட்டங்கியில் வேலை பார்க்க ஊரிலிருந்து அனுப்பப்பட்டவன் அவன். கணக்கெழுதும் பெட்டியடியில் விரலால் தாளம் போட்டுப் போட்டு, ஒருநாள் மிருதங்கம் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். கிட்டங்கிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். உள்ளே இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஜப்பான்காரன் வந்ததும் கிட்டங்கியே பூட்டிக்கொண்டது.

மார்க்கெட் ஸ்திரீட்டில் ஷேக் அலாவுதீனின் ஜவுளிக்கடைக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். கடை இருந்தது, ஜவுளி இல்லை. வெறும் அலமாரிகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைவிட, நாலு பிள்ளைகளாவது வந்து சிரிக்கட்டும் என்று சனிக்கிழமைகளில் கடையை அவர் புஷ்பராணிக்கு விட்டுக்கொடுத்தார். தரையில் இடம் போதாமல் பிள்ளைகள் அலமாரித் தட்டுகளில் ஏறி, துணி அடுக்கியிருந்த இடத்தில் வரிசையாக உட்கார்ந்துகொள்வார்கள். அவர்களைப் பெற்றவர்கள் மரவள்ளிக்கிழங்கோ அரைத் தேங்காயோ கொண்டுவந்து கல்லாவில் வைத்துவிட்டுப் போவார்கள். கிழங்கைத் தின்றே அந்த வருஷம் எல்லார் முகமும் கிழங்கு நிறமாகியிருந்தது.

கதையென்றால் புத்தகக் கதை இல்லை. அவள் கதை கையிலும் காலிலும் கண்ணிலும் இருந்தது. குமரப்பன் மிருதங்கத்தில் ஒரு தட்டுத் தட்டுவான், அவள் நரியாவாள். அந்த நரி அடுத்து என்ன செய்யும் என்பது அவளுக்கே தெரியாது. எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத்தான் அது போகும் வழி முடிவாகும். போன சனிக்கிழமை செத்துப்போன நரி இந்தச் சனிக்கிழமை கல்யாணம் பண்ணிக்கொள்ளும். கேட்டால், அது அதனுடைய தம்பி என்பாள்.

இப்படி இருந்தபோதுதான் வந்தது வினை. இனிமேல் நாலு பேர் கூடும் எந்த நிகழ்ச்சிக்கும் அனுமதி வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். என்ன பேசப் போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியதைத்தான் பேச வேண்டும். ஒரு சொல் கூடக்கூடாது, குறையக்கூடாது.

போனால் போகட்டும், கதையை நிறுத்திவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அனுமதி பெற்ற குழுவில் இருந்தால்தான் குமரப்பனுக்கு 'மிருதங்கம்' என்று தொழில் போட்ட அட்டை கிடைக்கும். அட்டை இல்லாத ஆண்பிள்ளை வேலையில்லாதவன். வேலையில்லாதவன் பெயர் பட்டியலில் ஏறும். பட்டியலில் ஏறியவனை மூன்று வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை லோரி வந்து சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போகும். அவர்கள் குடியிருந்த குயின் ஸ்திரீட்டிலிருந்து போன ஐந்து பேரில் ஒருவரிடமிருந்தும் ஒரு வரி கடிதம் வரவில்லை. புஷ்பராணி அன்றைக்கே ஒரு தாளில் கதையை எழுதி எடுத்துக்கொண்டு, குமரப்பனோடு அனுமதி ஆபீசுக்குப் போனாள்.

அங்கே இருந்தவர் கிராணியார் விஸ்வலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்காரனிடம் இருபத்தேழு வருஷம் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்த்தவர். எள் என்றால் எண்ணெயாக நிற்பார், ஆனால் எள் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். ஜப்பான்காரன் தோக்கியோ நேரம் என்று கடிகார முள்ளை ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்தபோது, ஊரே திணறியது. விஸ்வலிங்கம் மட்டும் மறுநாளே ஒன்றரை மணி முன்னால் எழுந்து, நெற்றியில் திருநீறும் கழுத்தில் டையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அவர் புஷ்பராணியின் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மேலே இரண்டு மணி நேரம் என்ற குறிப்பு, கீழே கதை மூன்று வரி. ஒரு நரி இருந்தது. கடற்கரையில் நண்டைப் பார்த்தது. அப்புறம் போய்விட்டது.

"ரெண்டு மணித்தியாலம் எண்டு போட்டிருக்கிறாய், பிள்ளை. இதை வாசிக்க எனக்கு ஒரு நிமிஷமும் ஆகேல்லை. மிச்ச நேரம் என்ன செய்வாய்?"

"மிச்சத்த ஆடுவேங்க."

"அதை எழுது."

அவள் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். கண்ணை உருட்ட வேண்டும் என்று எழுதினாள். எந்தக் கண், எவ்வளவு நேரம் என்று கிராணியார் கேட்டார். இரண்டு கண்ணும், பிள்ளைகள் சிரிக்கும் வரை என்றாள். பிள்ளைகள் சிரிக்காவிட்டால் சாயங்காலம் வரை உருட்டிக்கொண்டே இருப்பாயா என்று அவர் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, அதிகாரி கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்ற கவலையில் கேட்டார். முக்கால் மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் அவரே பேனாவை எடுத்து, நீ ஆடு, நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். பைல் அடுக்குகளுக்கு நடுவே நரி புகுந்தது. சைக்கிளுக்கும் பன்றிக்கும் சவ ஊர்வலத்துக்கும் அனுமதி கேட்டு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சன்னலுக்கு வந்துவிட்டார்கள். மிருதங்கத்துக்குப் பதிலாகக் குமரப்பன் இரும்புப் பீரோவைத் தட்டினான். விஸ்வலிங்கம் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனார். நண்டு வளையிலிருந்து எட்டிப் பார்க்கும் இடத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது. பிறகு என்ன என்று கேட்டார். கேட்டதும் அவருக்கே வெட்கமாகி, பதிவுக்காகக் கேட்கிறேன் என்று சேர்த்துக்கொண்டார்.

எழுதி முடித்துப் பதினாலு பக்கம் வந்தது. புஷ்பராணி வாசித்துப் பார்த்தாள். 'மேற்படி நரியானது பசியினால் பீடிக்கப்பட்டு, மேற்படி கடற்கரைக்குச் சமுகமளித்து, ஆங்கே வசிக்கும் நண்டு ஒன்றைச் சந்தித்தது.' முடிவில், ஆட்சேபத்துக்கு இடமில்லாதபடி, இரு தரப்பினரும் சுமுகமாகப் பிரிந்து சென்றிருந்தார்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானால்கூடப் பரவாயில்லை, குரங்கை வைத்துக் கதை சொல்லலாம். இது குரங்குமில்லை, பிள்ளையாருமில்லை, ஆபீஸ் கடிதாசி.

ஆனால் ஜப்பான் அதிகாரிக்குப் பிடித்துவிட்டது. விஸ்வலிங்கம் இங்கிலீஷில் சுருக்கிச் சொல்லக் கேட்டுத் தலையை ஆட்டினார். சனிக்கிழமை தானே நேரில் வருவதாகவும், எழுத்தில் உள்ளபடி நடந்தால் குமரப்பனின் அட்டையில் அன்றைக்கே முத்திரை குத்துவதாகவும் சொன்னார். அடுத்த லோரி திங்கட்கிழமை.

சனிக்கிழமை ஷேக் அலாவுதீன் கடையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் அதிகாரி உட்கார்ந்தார். பக்கத்தில் முக்காலியில் விஸ்வலிங்கம், மடியில் பதினாலு பக்கம். புஷ்பராணி இரண்டு நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் உருப்போட்டிருந்தாள். மேற்படி நரியானது என்று அவள் ஆரம்பித்ததுமே அலமாரித் தட்டுகள் அதிர்ந்தன. பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சிரிப்பு. யாரோ பெரிய ஆபீசர் நரி என்று நினைத்துவிட்டார்கள். புஷ்பராணிக்கு உயிர் வந்தது.

அந்தச் சிரிப்பு மூன்று பக்கம்தான் தாங்கியது. ஆறாம் பக்கத்தில் ஒருத்தன் கொட்டாவி விட்டான். எட்டாம் பக்கத்தில் மூன்றாம் தட்டில் கால் ஆட்டம் ஆரம்பித்தது. மேடையில் நிற்கிறவளுக்குக் கல்லெறி பட்டால்கூடத் தாங்கும், குழந்தையின் கொட்டாவி தாங்காது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குமரப்பனைப் பார்த்தாள். அவன் கண்ணாலேயே கெஞ்சினான்: ராணி, அப்படியே போ.

போயிருப்பாள். ஆனால் பதினோராம் பக்கத்தில், நரியும் நண்டும் சுமுகமாகப் பிரியப் போகும் நேரத்தில், மேல் தட்டில் உட்கார்ந்திருந்த சலேஹா என்ற ஏழு வயதுச் சிறுமி, "நரிக்குப் பசிக்குதுன்னுதானே வந்திச்சு அக்கா? ஏன் சும்மா போவுது?" என்று கேட்டுவிட்டாள்.

நியாயமான கேள்வி. புஷ்பராணி இரண்டு நாளாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி. அவள் கால் தானாகவே முன்னால் போனது.

நரி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. இந்தக் கரைக்கு இனிமேல் நான்தான் ராஜா, என்னைக் கண்டால் குனிந்து கும்பிட வேண்டும் என்றது. நண்டு இரண்டு கண்ணையும் தூக்கிப் பார்த்தது. குனியத்தான் ஆசை ராஜா, ஆனால் எனக்குக் கழுத்து இல்லையே என்றது. இடுப்பை வளை என்றது நரி. இடுப்பும் இல்லை, நான் பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்றது நண்டு. எங்கள் குலத்தில் மரியாதை என்றால் பக்கவாட்டில் நடப்பது, ராஜாவும் கூட நடந்தால் எங்களுக்குப் பெருமை. நரி மரியாதை வாங்கும் ஆசையில் பக்கவாட்டில் நடந்தது. நண்டு நடந்தது, நரி நடந்தது, இன்னும் கொஞ்சம் ராஜா, இன்னும் கொஞ்சம் ராஜா, தொபுக்கடீரென்று கடலுக்குள் போய்விட்டது.

கடை இடிந்து விழாத குறை. தெருமுனையில் துப்பாக்கியோடு நிற்கும் ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்து கும்பிடாமல் ஒரு பிள்ளைகூட அந்தக் கடைக்கு வந்ததில்லை. குனிந்தது போதவில்லையென்று அறை வாங்கிய தகப்பன்மார் பலர். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஷேக் அலாவுதீன் மட்டும் கல்லாவுக்குக் கீழே எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் புஷ்பராணிக்குத் தான் செய்தது உறைத்தது. குமரப்பனின் கை மிருதங்கத்தின் மேல் அப்படியே நின்றிருந்தது. பாவி, நானே என் வாயால் இவனை லோரியில் ஏற்றிவிட்டேனே என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அதிகாரி மெதுவாகத் திரும்பி, இப்போது நடந்தது எழுத்தில் இருக்கிறதா என்று இங்கிலீஷில் கேட்டார்.

இருபத்தேழு வருஷமாக எழுத்தில் இல்லாததை இருக்கிறது என்று சொல்லியறியாதவர் விஸ்வலிங்கம். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தாள்களைப் புரட்டினார். பதினோராம் பக்கத்தில் நாலாம் பத்தியில் விரலை வைத்தார்.

"இருக்குது சேர்," என்றார். விரலை வரிவரியாக நகர்த்திக்கொண்டே முழுவதையும் இங்கிலீஷில் சொன்னார். கழுத்து, இடுப்பு, பக்கவாட்டு நடை, ஒன்றையும் விடவில்லை. அந்த வரிகளில் உண்மையில் இருந்தது கடற்கரையின் தட்பவெப்பம்.

அதிகாரி அவர் சொன்னதை எல்லாம் தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். நாலு மணிக்குத் தாள்களோடு ஆபீசுக்கு வாருங்கள், தமிழ் தெரிந்த வேறொருவரை விட்டு வாசிக்கச் சொல்லி ஒத்துப் பார்த்த பிறகு முத்திரை குத்துகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அப்போது மணி இரண்டரை.

விஸ்வலிங்கம் முக்காலியில் உட்கார்ந்தபடியே பழைய பதினோராம் பக்கத்தை உருவி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்துப் புஷ்பராணியிடம் நீட்டினார். நீங்களே எழுதுங்கள் ஐயா, உங்களுக்குத்தானே எழுத்து வரும் என்றாள் அவள்.

"நான் எழுதினா நரி திரும்பவும் சமுகமளிக்கும். நீ சொன்னதை நீயே எழுது."

சொன்னதை எழுது என்றால், என்ன சொன்னோம் என்று தெரிய வேண்டுமே. ஒரு கதையை இரண்டு தடவை ஒரே மாதிரி சொல்லாதவள் அவள். கழுத்தை முதலில் சொன்னாளா, இடுப்பை முதலில் சொன்னாளா? குலம் என்றாளா, வழக்கம் என்றாளா? கிராணியாரின் இங்கிலீஷோடு ஒரு வரி ஒத்துப்போகாவிட்டாலும் தொலைந்தது. அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு விழித்தாள்.

"கழுத்துதான் அக்கா மொத," என்றது மேல் தட்டு.

பிள்ளைகள் ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. அவர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. சலேஹா ஒரு வரி சொன்னால் பக்கத்துத் தட்டு அடுத்த வரியைச் சொன்னது. 'இன்னும் கொஞ்சம் ராஜா' இரண்டு தடவையா மூன்று தடவையா என்று ஒரு சண்டை வந்தது. குமரப்பன் மிருதங்கத்தில் தட்டிப் பார்த்து இரண்டுதான் என்று தீர்ப்புச் சொன்னான். அழகாக இருக்கட்டுமே என்று அவள் ஒரு வார்த்தையைச் சேர்த்தபோது, நீங்க அப்படிச் சொல்லலை என்று எல்லாருமாகக் கத்தி, அந்த வார்த்தையை அடிக்க வைத்தார்கள். தன் வாயிலிருந்து வந்து காற்றோடு போனதாக நினைத்தது அத்தனையும் இந்தத் தட்டுகளில் மடிப்புக் கலையாமல் இருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

நாலு மணிக்கு ஆபீசில் பதினோராம் பக்கத்தை வாசிக்க உட்காரவைக்கப்பட்டவள் ஞானாம்பிகை, தட்டச்சு வேலை பார்க்கும் பெண். கதை சொல்லும் கடைப்பக்கமே வராதவள். குமரப்பனின் அட்டை மேசைமேல் கிடந்தது. பக்கத்தில் முத்திரைக் கட்டை. புஷ்பராணி சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அசையக்கூடாது, கண்ணை உருட்டக்கூடாது. தாளில் இருப்பது தானாகவே பிழைத்துக்கொள்ள வேண்டும்.

ஞானாம்பிகை பயந்த குரலில் ஒரு வரி தமிழில் வாசித்து, அதையே இங்கிலீஷில் சொன்னாள். அதிகாரி தம் புத்தகத்தில் ஒவ்வொரு வரியாகக் கோடிட்டுக்கொண்டே வந்தார். கழுத்து சரி. இடுப்பு சரி. 'நான் பிறந்ததிலிருந்தே இப்படித்தான்' என்ற இடத்தில் அவள் குரல் ஆடியது. 'இன்னும் கொஞ்சம் ராஜா' வந்தபோது உதட்டைக் கடித்தாள், மூக்கு விடைத்தது, கடைசியில் அடக்க முடியாமல் குபுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்தவள் உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பயத்துக்குள்ளேயும் புஷ்பராணிக்கு வெட்கங்கெட்ட சந்தோஷம் ஒன்று பொங்கியது. மிருதங்கம் இல்லை, ஆட்டம் இல்லை, இவள் வெறும் தாளைப் பார்த்துச் சிரித்தாளே!

அதிகாரி குறிப்புப் புத்தகத்தை மூடினார். எல்லாம் ஒத்திருக்கிறது என்றார். பிறகு, நண்டுக்கு ஏன் கழுத்து இல்லை என்று கேட்டார். கடவுள் அப்படிப் படைத்துவிட்டார் சேர் என்றார் விஸ்வலிங்கம். அந்த அதிகாரிக்கு மேலேயும் அதிகாரிகள் இருந்தார்கள். நாளுக்கு எத்தனை தடவை அவர் குனிந்தாரோ, யார் கண்டது. கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு, முத்திரைக் கட்டையை எடுத்து அட்டையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

திங்கட்கிழமை லோரி வந்தது. குமரப்பன் அட்டையை நீட்டினான், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். நாலு வீடு தள்ளி இருந்த தையற்காரரை ஏற்றினார்கள். தைக்கத் துணி இல்லாததால் வேலையில்லாதவர் ஆகிவிட்ட மனுஷன். அவர் பெண்சாதி லோரியின் பின்னாலேயே மார்க்கெட் ஸ்திரீட் முனை வரை ஓடினாள். புஷ்பராணி தன் புருஷனின் சட்டையைப் பிடித்தபடி வாசலில் நின்றாள். தப்பித்துக்கொண்டோம் என்ற நிம்மதி வந்தது. வந்த நிம்மதி அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அடுத்த லோரிக்கு மூன்று வாரம் இருந்தது.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்தாள்.

புதன்கிழமை அனுமதி ஆபீசில் விஸ்வலிங்கத்தின் முன்னால் ஒன்பது பக்கம் வைத்தாள். அவள் கையெழுத்து, கோணல்மாணலாக இருந்தது. கதையில் ஒரு நரி, பதினாறு நண்டு. கீழே குழுவில் நடிப்பவர்கள் என்ற இடத்தில் பதினாறு பெயர். வெற்றிலை இல்லாத வெற்றிலைக் கடைக்காரர் முகம்மது கனி இரண்டாம் நண்டு. மற்ற பதினைந்தும் குயின் ஸ்திரீட்டிலும் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் வேலையில்லாமல் இருந்த ஆண்பிள்ளைகள்.

விஸ்வலிங்கம் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தார். அப்புறம் கீழிருந்து மேலாகப் படித்தார். இதில் ஒருத்தனுக்கும் ஆடத் தெரியாது என்றார்.

"நண்டுக்கு எதுக்குங்க ஆட்டம்? பக்கவாட்டுல நடக்கத் தெரிஞ்சாப் போதும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டியவர் மறுபடியும் கழற்றித் துடைத்தார். வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் அவர் தாள்களை அவள் பக்கமே திருப்பித் தள்ளினார். புஷ்பராணிக்குத் திக்கென்றது.

"கடற்கரை எண்டு எழுதியிருக்கிறாய்," என்றார், தம் பேனாவையும் கூடவே நீட்டி. "பதினாறு நண்டு காணாது, பிள்ளை. இன்னும் எழுது."